ஜூரா கேட்ட எல்லை

ஒரு நாட்டைப் பகுதிகளாகப் பகுத்து ஆள்வது உலகெங்கும் உள்ள வழக்கமே. மாநிலம் என்பர் சிலர், மாவட்டம் என்பர் சிலர், கான்டன் என்பர் சுவிட்சர்லாந்தினர். பெயர் எதுவாயினும் ஆகுக. எல்லைக் கோட்டை இழுத்த கை எவருடையது என்பதே நம் வினா.

1815இல் வியன்னா மாநாட்டில் வல்லரசுகள் கூடி ஐரோப்பாவைப் பங்கிட்டன. வோ, ஆர்காவ் ஆகிய பகுதிகளை இழந்திருந்த பெர்ன் கான்டனுக்கு ஈடு வேண்டுமாம்! எடுத்துக் கொடுத்தனர் ஜூராவை. முன்பு பேசல் ஆயரும், பின்பு பிரஞ்சுக்காரரும் ஆண்ட மலைநாடு அது. அங்கே பெரும்பாலோர் பேசியது பிரஞ்சு. பெர்னில் ஓங்கி நின்றதோ செருமானியம். மந்தையை விற்பவன் ஆட்டின் இசைவைக் கேட்பதுண்டோ? ஜூரா மக்களையும் எவரும் கேட்டாரில்லை.

நூற்றாண்டுக்கு மேலாக அடங்கியிருந்த மனக்குறை 1947இல் வெடித்தது. ஜூராவைச் சேர்ந்த ஜார்ஜ் மொக்லி பெர்ன் அமைச்சர்களுள் ஒருவர். பொதுப்பணித் துறையை அவருக்கு அளிக்கச் சட்டமன்றம் மறுத்தது. தகுதிக் குறைவா? அன்று! அத்துணைப் பெரிய துறையைப் பிரஞ்சு பேசுபவரிடம் ஒப்படைப்பதா என்பதே தடை. வரி கொடுக்கத் தகுந்த வாய், ஆணையிடத் தகாத வாயாயிற்று! தனிக் கான்டன் வேண்டும் என்ற முழக்கம் எழுந்தது.

ஆயினும் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. 1959இல் நடந்த வாக்கெடுப்பில் கோரிக்கை தோற்றது. ஜூராவுக்குள்ளேயே வடக்கு ஆதரிக்க, தெற்கு எதிர்த்தது. இரு பகுதியினரும் பேசியது பிரஞ்சே. வடக்கு கத்தோலிக்கம், தெற்கு புராட்டஸ்டண்ட். மொழி பிணைத்தவரை மதம் பிரித்துவிட்டது! பெர்னிலிருந்து வந்து குடியேறியோர் தெற்கில் மிகுந்திருந்ததும் ஒரு காரணம். 1960களில் தீவைப்புகளும் நிகழ்ந்தன. அவற்றை நாம் போற்றோம்.

நாம் போற்றுவது பிறகு நடந்ததை. 1970இல் பெர்ன் மக்களே வாக்களித்து, தம் எதிர்காலத்தை முடிவு செய்யும் உரிமையை ஜூராவுக்கு வழங்கினர். முதலில் ஜூரா முழுவதும், அடுத்து ஒவ்வொரு மாவட்டமும், இறுதியில் எல்லையோரத்து ஊர்களும் வாக்களிக்கலாம் என்பது ஏற்பாடு. 23-6-1974 அன்று தனிக் கான்டனுக்கு ஆதரவாக 36,802 வாக்குகள்; எதிராக 34,057. மறு ஆண்டே தெற்கின் மூன்று மாவட்டங்கள் பெர்னோடு இருப்போம் என்றன, இருந்தன. அவர்களை இழுத்துக் கட்டப் படை எதுவும் புறப்படவில்லை. எல்லை ஊர்கள் சில தாம் விரும்பிய பக்கம் சென்றன. 1978இல் சுவிட்சர்லாந்து முழுவதும் வாக்களித்தது. நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் ஒப்பினர். 1-1-1979இல் தெலெமோன் நகரைத் தலைநகராகக் கொண்டு ஜூரா கான்டன் பிறந்தது.

தெற்கில் இருந்த மூத்தியே நகரின் கதை அத்துடன் முடியவில்லை. 2017இல் அந்நகரம் 137 வாக்கு மிகுதியால் ஜூராவைத் தேர்ந்தது. முறைகேடு நடந்தது என்று அம்முடிவு நீக்கப்பட்டது. நகரத்தார் சோர்ந்தாரில்லை, 28-3-2021இல் மீண்டும் வாக்குச்சாவடிக்குச் சென்றனர். இம்முறை ஜூராவுக்கு 2,114, பெர்னுக்கு 1,740. வியன்னாவில் கிழித்த கோடு, 1-1-2026இல் மூத்தியே மக்களின் விருப்பப்படி இடம் மாறியது.