சிவப்பு வானமும் பழைய பயமும்

அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவர் வேற்றுக்கிரகப் பேரரசனின் அரண்மனைக்குள்ள மாட்டுப்படுகிறார். முட்டை மாதிரி ஒரு உலோக உருண்டை கையில கிடைக்குது. அதைப் பந்தாக்கிக் காவலர்களை இடிச்சு விழுத்துறார். பக்கத்தில நிண்டு காதலி உற்சாகக் கோஷம் போடுறா. 1980இல் வந்த 'ஃபிளாஷ் கோர்டன்' படத்தில இப்பிடி ஒரு காட்சி இருக்கு. பகிடியில்லை, உண்மையாவே இருக்கு.

கதாநாயகன் சாம் ஜோன்ஸுக்கு உடம்பு இருந்தது, நடிப்புத்தான் வரேல்லை. தயாரிப்பாளர் டினோ டி லோரன்டிஸோட முரண்பட்டுப் படம் முடியமுதலே போய்விட்டார். அவருடைய வசனங்களில் பெரும்பகுதிக்கு வேறொருவர்தான் குரல் கொடுத்தார்.

ஆனாலும் கண்ணை எடுக்க ஏலாது. இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் படங்களுக்கு உடையமைத்த டனிலோ டொனாட்டிதான் இதிலும் அரங்கையும் உடைகளையும் வடிவமைத்தவர். சிவப்பும் தங்கமும் திரையெல்லாம் கொட்டிக் கிடக்கும். வானம் நிறங்கள் கலங்கிச் சுழலும். மேலால 'குயின்' குழுவின் இசை.

இந்தப் படத்துக்குப் பின்னால ஒரு சுவையான வரலாறும் இருக்கு. ஜோர்ஜ் லூகாஸ் முதலில் எடுக்க விரும்பினது ஃபிளாஷ் கோர்டனைத்தான். உரிமை கிடைக்காதபடியால் சொந்தமாக ஒரு கதை எழுதினார். அதுதான் 1977இல் வந்த 'ஸ்டார் வோர்ஸ்'. அதன் வெற்றிக்குப் பிறகு வந்த ஃபிளாஷ் கோர்டனுக்கும் அதே ஒளிப்பதிவாளர்தான், கில்பேர்ட் டெய்லர். அதாவது, தாய்க்கதை பிள்ளைக்குப் பின்னால திரைக்கு வந்தது.

அந்தத் தாய்க்கதை பிறந்தது 1934 ஜனவரியில், அலெக்ஸ் ரேமண்ட் வரைந்த பத்திரிகைச் சித்திரக்கதையாக. அதில வில்லனின் பெயர் மிங். சீனாவை ஆண்ட ஒரு அரசவம்சத்தின் பெயர் அது. நீண்டு தொங்கும் மீசை, பட்டு அங்கி, ஈரமில்லாத மனம். சக்ஸ் றோமர் எழுதிய ஃபூ மான்சூ நாவல்கள் 1913 தொடக்கம் பரப்பிவந்த அதே அச்சு. 'மஞ்சள் அபாயம்' எண்டு சொல்லி வெள்ளையர் வளர்த்த பயம். 1882இல் சீனத் தொழிலாளர்களுக்குக் கதவடைத்த சட்டம் அமெரிக்காவில் 1943 வரைக்கும் நீக்கப்படவில்லை. சித்திரக்கதை பிறந்த நாளில அந்தக் கதவு பூட்டித்தான் கிடந்தது.

1980இலும் மிங் மாறவில்லை. அவனாக நடித்தவர் சுவீடன் நாட்டு நடிகர் மக்ஸ் வொன் சீடோ. படத்தில நல்லா நடிச்ச ஒருசிலரில் அவரும் ஒருவர் எண்டதுதான் சங்கடம். முகப்பூச்சும் ஒட்டுமீசையும் போட்டு ஒரு வெள்ளையர் கிழக்காசியக் கொடுங்கோலனாகிறார். 2020இல் படம் திரும்ப வெளிவந்தபோது, பிரித்தானியத் திரைப்பட வகைப்படுத்தல் சபை இனப் பாகுபாடான சித்திரிப்பு இருக்கு எண்டு குறிப்புச் சேர்த்தது. 'இதெல்லாம் பகிடிப்படம்தானே, விடுங்கோ' எண்டு சிலர் சொல்லக்கூடும்.

ஆனா பகிடிக்குள்ளாலதான் பழைய பயம் லேசாகக் கடந்து போகும். யாரும் அதை நிறுத்தி விசாரிக்கிறதில்லை. ஒரு இனத்தை வில்லன் முகமாக்க நீண்ட பிரசங்கம் தேவையில்லை, ஒரு மீசையும் ஒரு பெயரும் காணும்.

அதுக்காகப் படத்தைத் தூக்கி எறியத் தேவையில்லை. பாருங்கோ, சிரியுங்கோ, அந்த வானத்தை ரசியுங்கோ. மிங் சிம்மாசனத்தில வந்து இருக்கேக்க மட்டும், அந்த முகத்தை ஆர், எப்ப, எதுக்காக வரைஞ்சவை எண்டு ஒருக்கா யோசியுங்கோ.