பாட்டு ஒருவருடையது, ஒலிநாடா இன்னொருவருடையது: ஸ்டாக்ஸ் இசைக்கூடத்தின் வரலாறு

1969ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள மெம்பிஸ் நகரத்தில், ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் தன் விற்பனையாளர்களைக் கூட்டி, வெளிவரப்போகும் ஆல்பங்களின் பட்டியலை முன்வைத்தது. ஒன்றிரண்டு அல்ல, 27 ஆல்பங்கள். அவற்றோடு 30 தனிப்பாடல் இசைத்தட்டுகள். எல்லாமே சில மாதங்களுக்குள் இரவு பகலாகப் பதிவு செய்யப்பட்டவை. அவ்வளவு பெரிய நிறுவனம்கூட அல்ல அது. ஒரு பழைய சினிமா கொட்டகைக்குள் இயங்கிய ஒலிப்பதிவுக்கூடம்.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. ஓராண்டுக்கு முன்புதான் அந்த நிறுவனம் அதுவரை பதிவு செய்திருந்த முக்கியமான பாடல்கள் அனைத்தையும் இழந்திருந்தது. தீப்பிடிக்கவில்லை, யாரும் பூட்டை உடைத்துத் திருடவில்லை. ஒப்பந்தத்தில் இருந்த ஒரே ஒரு பிரிவு அதைச் செய்தது.

இந்த வரலாற்றை நாம் இப்போது பேசவேண்டியிருக்கிறது. நாங்கள் வேலை செய்யும் குடியிருப்புகளில் கானா பாடுகிறவர்கள், ராப் எழுதுகிறவர்கள், பறைக்குழு நடத்துகிறவர்கள் எனப் பலரும் இன்று சொந்தமாகப் பாடல்களைப் பதிவு செய்கிறார்கள். எந்த ஸ்டூடியோ, எவ்வளவு செலவு, எந்த சேனலில் போடுவது என்று அவர்கள் கேட்கிறார்கள். பதிவு முடிந்தபின் அந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அநேகமாக வருவதே இல்லை. மெம்பிஸிலும் அது வரவில்லை.

கொட்டகைக்குள் ஒரு இசைக்கூடம்

ஸ்டாக்ஸைத் தொடங்கியவர்கள் இரண்டு வெள்ளையர்கள். ஜிம் ஸ்டூவர்ட் வங்கி ஊழியர், பொழுதுபோக்காக வயலின் வாசிப்பவர். அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் வங்கியில்தான் வேலை பார்த்தார். 1957இல் சாட்டிலைட் என்ற பெயரில் நிறுவனம் தொடங்கியது. ஒலிப்பதிவுக் கருவி வாங்கப் பணம் இல்லாதபோது எஸ்டெல் தன் வீட்டை அடமானம் வைத்தார். 1960இல் மெக்லமோர் அவென்யூவில் மூடிக்கிடந்த கேப்பிடல் தியேட்டரை வாடகைக்கு எடுத்தார்கள். இருக்கைகளைப் பிடுங்கினார்கள். சரிவான தரையை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தச் சரிவுதான் ஸ்டாக்ஸ் பாடல்களின் தனி ஒலிக்கு ஒரு காரணம் என்பார்கள். தின்பண்டம் விற்ற இடத்தில் எஸ்டெல் இசைத்தட்டுக் கடை போட்டார். 1961இல் ஸ்டூவர்ட், ஆக்ஸ்டன் என்ற இரு பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஸ்டாக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள்.

அந்தத் தெருவில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். தெருப்பிள்ளைகள் இசைத்தட்டு கேட்கக் கடைக்கு வந்தார்கள், கடையிலிருந்து உள்ளே ஒலிப்பதிவுக்குப் போனார்கள். புக்கர் டி. ஜோன்ஸ் அப்படி வந்தவர்தான். அவருடைய குழுவின் 'கிரீன் ஆனியன்ஸ்' 1962இல் நாடு முழுவதும் ஒலித்தபோது அவருக்கு வயது 17. அந்தக் குழுவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்தார்கள். அன்றைய மெம்பிஸில் பள்ளி, உணவகம், நீச்சல்குளம் எல்லாவற்றிலும் நிறப்பிரிவினை இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். கூடத்துக்கு வெளியே அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசவோ சாப்பிடவோ அதிக இடங்கள் கிடையாது. கறுப்பர் ஒருவர் நடத்திய லொரெய்ன் மோட்டல் அப்படியான இடங்களில் ஒன்று. ஸ்டாக்ஸின் புகழ்பெற்ற பாடல்கள் சில அந்த மோட்டலின் அறைகளில்தான் எழுதப்பட்டன.

1962இல் வேறொரு கலைஞருக்குக் கார் ஓட்டிக்கொண்டு வந்தவர் ஓட்டிஸ் ரெட்டிங். நாள் முடிவில் தனக்கும் ஒரு வாய்ப்பு கேட்டுப் பாடினார். அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஸ்டாக்ஸின் முகமே அவர்தான்.

கையெழுத்துப் போட்ட காகிதம்

சிறு நிறுவனத்தால் நாடு முழுவதும் இசைத்தட்டுகளைக் கொண்டுபோக முடியாது. நியூயார்க்கின் அட்லாண்டிக் நிறுவனம் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. தொடக்கத்தில் அட்லாண்டிக்கின் ஜெர்ரி வெக்ஸ்லருக்கும் ஸ்டூவர்ட்டுக்கும் இடையே வாய்ப்பேச்சும் நம்பிக்கையும்தான் இருந்தன. 1965இல் அதை எழுத்தில் கொண்டுவந்தார்கள். ஸ்டூவர்ட் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

1967இல் அட்லாண்டிக்கை வார்னர் பிரதர்ஸ் செவன் ஆர்ட்ஸ் என்ற பெரிய நிறுவனம் வாங்கியது. ஸ்டாக்ஸ் விலகிக்கொள்ள முடிவு செய்து, தன் பாடல்களின் மூல ஒலிநாடாக்களின் உரிமையைத் திருப்பிக் கேட்டது. அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அட்லாண்டிக் மூலம் விற்கப்பட்ட பாடல்கள் அனைத்தின் ஒலிப்பதிவு உரிமையும் அட்லாண்டிக்குக்கே என்று அந்த ஒப்பந்தம் சொன்னது. அப்படி ஒரு பிரிவு இருந்தது தனக்கும் தெரியாது என்று வெக்ஸ்லர் பின்னாளில் சொன்னார். தெரிந்ததோ இல்லையோ, சட்டப்படி ஒலிநாடாக்கள் போய்விட்டன. சாம் அண்ட் டேவ் என்ற புகழ்பெற்ற இரட்டையரும் அட்லாண்டிக்கிடமிருந்து இரவலாக வந்தவர்கள்தான். அவர்களும் திரும்பிப் போனார்கள்.

ஓட்டிஸ் ரெட்டிங் அதற்கு முன்பே இறந்துவிட்டார். 1967 டிசம்பர் 10 அன்று அவர் சென்ற சிறுவிமானம் விஸ்கான்சினில் ஓர் ஏரியில் விழுந்தது. அவருடன் சென்ற பார்-கேஸ் குழுவின் இளைஞர்களில் ஒருவர் மட்டுமே உயிர் பிழைத்தார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் ரெட்டிங் பதிவு செய்த 'டாக் ஆஃப் த பே' 1968இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அந்தப் பாட்டின் உரிமையும் ஸ்டாக்ஸிடம் இல்லை.

1968: துப்புரவுத் தொழிலாளர்களின் நகரம்

மெம்பிஸ் என்றால் இயக்கத்தினருக்கு நினைவு வரவேண்டிய இன்னொரு வரலாறும் அதே ஆண்டில் நடந்தது. 1968 பிப்ரவரி 1 அன்று, மழைக்கு ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் அழுத்தும் இயந்திரத்தில் நசுங்கி இறந்தார்கள். பிப்ரவரி 12 முதல் சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நாங்களும் மனிதர்கள் என்பதே அவர்கள் கையில் ஏந்திய பதாகையின் பொருள். சாக்கடைக்குள் இறங்கிச் செத்தவர்களின் பெயரைக்கூட ஊர் கேட்காத நாட்டில் வாழும் நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அந்தப் போராட்டத்துக்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். கொல்லப்பட்ட இடம் அதே லொரெய்ன் மோட்டல். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து பாட்டு எழுதிய இடம். ஏப்ரல் 16 அன்று நகர நிர்வாகம் தொழிற்சங்கத்தை அங்கீகரித்தது. ஆனால் ஸ்டாக்ஸுக்குள் இருந்த பழைய நெருக்கம் திரும்பவில்லை. பாடலாசிரியர் ஐசக் ஹேய்ஸ் அந்தக் கொலைக்குப் பின் நெடுநாள் எதையும் எழுத முடியாமல் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

27 ஆல்பங்கள்

பாடல்கள் இல்லை, முதன்மைப் பாடகர் இல்லை. மூடிவிடுவார்கள் என்றுதான் தொழிலில் இருந்தவர்கள் எதிர்பார்த்தார்கள். நிறுவனத்தை எழுப்பியவர் அல் பெல். கறுப்பர், வானொலி அறிவிப்பாளர், 1965இல் விளம்பரப் பிரிவுக்கு வந்து சேர்ந்தவர். பழைய பாடல்கள் போய்விட்டால் புதிய பாடல்களைக் குவிப்பதே வழி என்று முடிவு செய்தார். மெக்லமோர் கூடம் போதவில்லை. மற்ற ஸ்டூடியோக்களிலும் வேறு நகரங்களிலும் வேலை நடந்தது. குழுவில் பெரும்பாலோரை விபத்தில் இழந்த பார்-கேஸ், புது உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் வாசித்தது.

27இல் ஒன்று ஐசக் ஹேய்ஸுடையது. அவர் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, தாத்தா பாட்டியிடம் வளர்ந்து, சிறுவயதில் பருத்தி பறித்தவர். மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்த அவரிடம், உன் விருப்பப்படி ஒன்று செய் என்று விட்டுவிட்டார்கள். 'ஹாட் பட்டர்ட் சோல்' ஆல்பத்தில் மொத்தம் நான்கே பாடல்கள். ஒரு பாடல் 18 நிமிடத்துக்கு மேல். மூன்று நிமிடப் பாட்டைத்தான் வானொலி போடும் என்ற விதியை அவர் மதிக்கவில்லை. அது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. கறுப்பர்களின் இசைக்குத் தனிப்பாடல் போதும், முழு ஆல்பத்தை யாரும் வாங்கமாட்டார்கள் என்ற தொழில் நம்பிக்கை அத்தோடு உடைந்தது. 1972இல் 'ஷாஃப்ட்' படப்பாடலுக்காக ஹேய்ஸ் ஆஸ்கர் வாங்கினார். சிறந்த பாடலுக்கான அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பர் அவரே.

1972 ஆகஸ்ட் 20 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்டாக்ஸ் நடத்திய வாட்ஸ்டாக்ஸ் விழாவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். வாட்ஸ் பகுதியில் 1965இல் நடந்த எழுச்சியின் ஏழாம் ஆண்டு நினைவு அது. உழைக்கும் மக்களும் வரவேண்டும் என்று நுழைவுச்சீட்டை ஒரு டாலராக வைத்தார்கள். அதே 1972இல்தான் பம்பாயில் தலித் பாந்தர் இயக்கம், அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டு பிறந்தது. அண்ணல் அம்பேத்கர் 1946இலேயே டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டியிருந்தார். இந்த வரலாறு நமக்கு அந்நியமானது அல்ல.

இரண்டாம் முறை

இந்தமுறை ஒலிநாடாக்கள் ஸ்டாக்ஸிடம் இருந்தன. 1972இல் ஸ்டூவர்ட்டின் பங்கையும் வாங்கி அல் பெல் உரிமையாளர் ஆனார். ஆனால் அதற்கான பணம் சிபிஎஸ் என்ற பெருநிறுவனத்திடமிருந்து வந்தது. இசைத்தட்டுகளைக் கடைகளுக்குக் கொண்டுபோகும் பொறுப்பும் அதே நிறுவனத்திடம் போனது. அடுத்த ஆண்டு சிபிஎஸ் தலைமை மாறியது, உறவு கெட்டது. கறுப்பர் பகுதிச் சிறுகடைகளுக்கு ஸ்டாக்ஸ் இசைத்தட்டுகள் போய்ச்சேரவில்லை. பாட்டு இருந்தது, கேட்க ஆளும் இருந்தார்கள், நடுவில் இருந்த பாதை அடைபட்டது. கடன் ஏறியது. 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸ் திவாலாக்கப்பட்டது. வங்கி மோசடி வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அல் பெல்லை 1976இல் நீதிமன்றம் விடுவித்தது. அதற்குள் நிறுவனம் இல்லை. ஒலிநாடாக்களை வேறொரு நிறுவனம் வாங்கிக்கொண்டது. கட்டடம் 1989இல் இடிக்கப்பட்டது.

பின்னர் அந்தப் பகுதி மக்களும் பழைய கலைஞர்களும் முயன்று, அதே இடத்தில் கொட்டகையை மறுபடி எழுப்பி 2003இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். பக்கத்திலேயே தெருப்பிள்ளைகளுக்கான இசைப்பள்ளி நடக்கிறது.

நமக்கு

ஸ்டாக்ஸை நல்ல வெள்ளையர்களின் கதையாகவும் ஏமாற்றுக்காரர்களின் கதையாகவும் சொல்கிறவர்கள் உண்டு. எங்களுக்கு இரண்டும் போதாது. கூடத்துக்குள் சமத்துவம் இருந்தது உண்மை. அந்தச் சமத்துவம் ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை என்பதும் உண்மை. அன்பு, நட்பு, இயக்க உணர்வு எதுவும் காகிதத்தின் இடத்தை நிரப்பாது.

2018 ஜனவரியில் சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறிய பின், நம் தெருக்களின் இசைக்குப் பொதுமேடை கிடைத்திருக்கிறது. மேடை கிடைக்கும் இடத்தில் ஒப்பந்தமும் வரும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் சில பாதுகாப்புகளைத் தருகிறது. ஒலிப்பதிவின் முதல் உரிமை, முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துப் பதிவு செய்த தயாரிப்பாளருக்கே. ஆகவே யார் பணம் போடுகிறார்கள், யார் பெயரில் பதிவு நடக்கிறது என்பதை முதலில் பேசுங்கள். உரிமையை எழுதிக்கொடுத்தால் எந்தப் பாடல், எத்தனை ஆண்டு, எந்த நாடுகளில், என்ன தொகைக்கு என்று குறிக்கவேண்டும். ஆண்டு குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். 2012 திருத்தத்துக்குப் பின், ஒலிப்பதிவில் இடம்பெறும் பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் தம் ராயல்டிப் பங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது. பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் வணிகப் பயன்பாட்டில் பங்கு உண்டு.

தோழர்களே, படிப்பு முடித்தவர்கள் நம் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறோம். சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளும் இருக்கிறார்கள். அடுத்தமுறை ஒரு கானா பாடகரிடம் யாராவது தாளை நீட்டினால், கையெழுத்துக்கு முன் அவரோடு உட்கார்ந்து அதை வரி வரியாக வாசித்துக்காட்டுவோம். அதற்கு அரைமணி நேரம் போதும்.