ஜாஸ்: வாசலில் நிறுத்தப்பட்டோரின் இசை

மன்னர் அவையில் வளர்ந்த இசை உண்டு. கோயில் மண்டபத்தில் வளர்ந்த இசையும் உண்டு. ஜாஸ் என்னும் இசையோ, விலைக்கு விற்கப்பட்ட மனிதர்களின் வழித்தோன்றல்கள் தெருவிலும் திடலிலும் மதுக்கூடத்திலும் வளர்த்த இசையாகும். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கா உலகுக்கு வழங்கிய கலைகளுள் தலையாயது இதுவே என்பர். ஆயினும் இதன் வரலாற்றை ஊன்றிப் படிப்போர்க்கு ஒரு முரண் மீண்டும் மீண்டும் புலப்படும். இசைக்கு அகலத் திறந்த வாசல், இசைத்தவருக்குத் திறக்கவில்லை.

பறிக்கப்பட்ட முரசு

1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். முரசு முழங்க அணிவகுத்துச் சென்றனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், அடிமைகள் முரசு வைத்திருப்பதைத் தடைசெய்தது. முரசு போயிற்று, தாளம் போகவில்லை. கைத்தட்டலிலும் காலடி ஓசையிலும் அது குடியேறிற்று. வயல்வெளியில் ஒருவர் ஓரடி எடுத்துக் கொடுக்க, மற்றவர் எதிரடி பாடினர். பிற்காலத்தில் ஒரு கருவி வினவ மற்றொரு கருவி விடைகூறும் ஜாஸ் முறைக்கு இதுவே வித்து.

பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சிகளைக் கண்ட துறைமுக நகரமான நியூ ஆர்லியன்ஸில் நிலைமை சற்றே வேறு. 1817இல் பிறந்த நகர ஆணை ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகள் ஒன்றுகூடுவதை ஓரிடத்திற்கு வரையறுத்தது. காங்கோ சதுக்கம் என வழங்கிய அத்திடலில் ஆப்பிரிக்கத் தாளமும் ஆடலும் பல்லாண்டுகள் உயிரோடிருந்தன. அந்நகரின் சவ ஊர்வலங்களில், இடுகாடு செல்லும்போது இரங்கற்பாவும் திரும்பும்போது துள்ளிசையும் முழங்கும் வழக்கமும் ஏற்பட்டது.

அந்நகரில் கலப்பின மக்களான கிரியோல்கள் ஐரோப்பிய முறைப்படி இசை பயின்று, சற்று உயர்ந்த நிலையில் வாழ்ந்தனர். 1890இல் லூசியானா மாநிலம் இரயில் பெட்டிகளில் நிறப் பாகுபாட்டைச் சட்டமாக்கியது. 1896இல் உச்ச நீதிமன்றமும் அதற்கு ஒப்புதல் அளித்தது. நிறத்தால் ஒதுக்கப்பட்ட கிரியோல்களும் கறுப்பின மக்களும் ஒரே பக்கம் தள்ளப்பட்டனர். ஏட்டில் எழுதிய இசையும் செவிவழி வந்த இசையும் அவ்வாறு நெருங்கின. பிரிக்க வந்த சட்டம், ஒரு கலையைச் சேர்த்து வைத்தது.

இலக்கணமும் மீறலும்

ஜாஸின் தாய்மொழி புளூஸ். பெரும்பாலும் பன்னிரண்டு தாள அளவைகள் கொண்ட சிறு வடிவம் அது. முதலடி மீண்டும் ஒலிக்கும்; மூன்றாம் அடி அதற்கு விடை கூறும். ஐரோப்பியச் சுரவரிசையின் இரு படிகளுக்கு இடையே வளைந்து இழையும் சுரங்கள் அதன் துயரச் சுவைக்குக் காரணம். ராக்டைம் என்னும் பியானோ இசை, எதிர்பாராத இடத்தில் அழுத்தம் தரும் தாள நடையை வழங்கியது. ஸ்காட் ஜாப்ளினின் ‘மேப்பிள் லீஃப் ராக்’ 1899இல் அச்சாயிற்று.

இவற்றோடு ஜாஸின் உயிர்நாடியாய் அமைந்தது, மேடையிலேயே இசையைப் படைக்கும் ஆற்றல். நம் இசையில் மனோதர்மம் என வழங்குவதற்கு இது நெருங்கியது. பாடலின் சுர அடுக்குகளும் தாள வட்டமும் அனைவர்க்கும் பொது. அவற்றின்மேல் எழும் கற்பனை இசைப்பவருக்கே உரியது.

முதல் பெருங்கலைஞராகப் போற்றப்படும் கார்னெட் இசைஞர் படி போல்டன் 1877இல் பிறந்தார். 1907இல் மனநோயர் இல்லத்தில் சேர்க்கப்பட்டு, 1931இல் மறைந்தார். அவர் வாசிப்பில் ஒரு நொடியேனும் இன்று நமக்குக் கேட்கக் கிடைக்கவில்லை. ஆனால் 1917 பிப்ரவரியில், வெள்ளையர் ஐவர் கொண்ட ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் முதல் ஜாஸ் இசைத்தட்டைப் பதிவு செய்தது. ஜாஸைத் தோற்றுவித்தவர்கள் தாங்களே என்று அக்குழுவின் தலைவர் பின்னாளில் உரிமையும் கொண்டாடினார். வாய்மொழி மரபின் உடைமை, பதிவு செய்தவர் பெயரில் எழுதப்படும் அவலத்திற்கு இது ஒரு சான்று.

வடக்கு நோக்கி

தென்மாநிலக் கொடுமைகளுக்கு அஞ்சியும் தொழில் நாடியும் கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் வடக்கே பெயர்ந்தனர். இசையும் உடன் சென்றது. சிகாகோவில் கிங் ஆலிவரின் குழுவில் இரண்டாம் கார்னெட் வாசித்த லூயி ஆம்ஸ்ட்ராங், 1925 முதல் தம் சொந்தக் குழுவுடன் பதிவு செய்த இசைத்தட்டுகள் ஜாஸின் போக்கையே மாற்றின. பலர் கூடிப் பின்னிய இசையில் தனியொருவர் கற்பனை நடுநாயகமாயிற்று.

1927இல் டியூக் எலிங்டனின் குழு, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த காட்டன் கிளப் என்னும் கேளிக்கை மன்றத்தில் இடம்பெற்றது. ஹார்லெம் கறுப்பின மக்களின் குடியிருப்பு. மேடையில் இசைத்தோரும் ஆடியோரும் கறுப்பின மக்கள். ஆயினும் இருக்கைகள் வெள்ளையருக்கே. வானொலி அவ்விசையை நாடெங்கும் கொண்டு சென்றபோது, அதே தெருவில் வாழ்ந்தோர் அம்மன்றத்தின் வாசலுக்கு வெளியே நின்றனர். முப்பதுகளில் பெருங்குழுக்களின் ஸ்விங் இசை நாட்டின் ஆடலரங்குகளையெல்லாம் ஆண்டபோதும் இந்நிலை பெரிதும் மாறவில்லை.

ஒரு கவிதை பாடலானபோது

1930இல் இண்டியானா மாநிலத்தில் கறுப்பின இளைஞர் இருவரை ஒரு கும்பல் அடித்து மரத்தில் தொங்கவிட்டது. அந்நிழற்படத்தைக் கண்டு நெஞ்சு துணுக்குற்ற ஏபெல் மீரோபோல் என்ற பள்ளி ஆசிரியர் ஒரு கவிதை எழுதினார். 1937இல் ஆசிரியர் சங்க இதழில் அது வெளிவந்தது. பின்னர் அவரே இசையமைத்த அப்பாடல்தான் ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’.

1939இல், இருநிறத்தாரும் கலந்து அமர இடமளித்த கஃபே சொஸைட்டி என்னும் அரங்கில் பில்லி ஹாலிடே அதனைப் பாடினார். அவருடைய பாடல்களை வெளியிட்டு வந்த பெரிய நிறுவனம் பதிவு செய்ய மறுக்கவே, கமடோர் என்ற சிறு நிறுவனம் வெளியிட்டது. அதுவரை ஆடலுக்கும் கேளிக்கைக்கும் உரியதெனக் கருதப்பட்ட இசை, கேட்போரை நாணித் தலைகுனிய வைத்தது. இசைக்காக எழுதப்படாத ஒரு கவிதை இதனைச் செய்தது என்பது கவிஞர்கள் கருதத்தக்கது.

நாற்பதுகளில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, தெலோனியஸ் மாங்க் முதலியோர் பீபாப் என்னும் புதுநெறியை வளர்த்தனர். விரைந்த நடையும் சிக்கலான சுர அடுக்கும் கொண்ட இது, ஆடுவதற்கன்று, அமர்ந்து கேட்பதற்கே. பொழுதுபோக்காளர் அல்லர், கலைஞர் எனத் தம்மை மதிக்க வேண்டும் என்ற குரல் அதில் அடங்கியிருந்தது.

அம்மதிப்பு எளிதில் வரவில்லை. 1959 ஆகஸ்டில் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ வெளிவந்தது. அடுத்த சில நாள்களில், அவர் வாசித்துக்கொண்டிருந்த பேர்ட்லேண்ட் அரங்கின் வெளியே இடைவேளையில் நின்றவரைக் காவலர் தலையில் அடித்துக் கைது செய்தனர். அரங்கின் பெயர்ப்பலகையிலோ அவர் பெயரே எழுதப்பட்டிருந்தது. 1963 செப்டம்பரில் அலபாமாவின் பர்மிங்காம் நகரத் தேவாலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமியரைக் கொன்றது. இரண்டே மாதத்தில் ஜான் கோல்ட்ரேன் ‘அலபாமா’வைப் பதிவு செய்தார். அதில் சொல்லே இல்லை. சாக்ஸபோன் ஒப்பாரி வைக்கிறது.

தூதும் உறவும்

இதே காலத்தில் அமெரிக்க அரசு, தன் நாட்டுச் சுதந்திரத்தின் சான்றாக ஜாஸ் கலைஞர்களை அயல்நாடுகளுக்கு அனுப்பியது. 1957இல் லிட்டில் ராக் நகரப் பள்ளியில் கறுப்பின மாணவர் ஒன்பதின்மர் தடுக்கப்பட்டபோது, ஆம்ஸ்ட்ராங் அரசின் சார்பில் சோவியத் நாடு செல்ல மறுத்தார். 1963இல் எலிங்டன் மேற்கொண்ட தூதுப் பயணத்தில் சென்னையும் கொழும்பும் இடம்பெற்றன. கோல்ட்ரேன் இந்திய இசையை நாடினார். 1965இல் பிறந்த மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி எனப் பெயரிட்டார். எழுபதுகளில் ஜான் மெக்லாஃப்லின் அமைத்த ‘சக்தி’ குழுவில் எல். சங்கரின் வயலினும் விக்கு விநாயக்ராமின் கடமும் ஜாஸோடு உரையாடின.

இலக்கியத்தில் இதன் தாக்கம் ஆழமானது. லாங்ஸ்டன் ஹியூஸ் 1926இல் வெளியிட்ட முதல் தொகுதிக்கே புளூஸின் பெயரைச் சூட்டினார். 1951இல் வந்த நெடுங்கவிதையில் பீபாபின் வெட்டியோடும் நடையைக் கையாண்டார். தம் மக்கள் பாடிய வடிவத்திலேயே தம் கவிதைக்கு யாப்புக் கண்ட அவருக்கு, அயல் யாப்பு எதுவும் தேவைப்படவில்லை.

1965இல் எலிங்டனுக்குச் சிறப்புப் புலிட்சர் பாராட்டு வழங்க நடுவர் குழு பரிந்துரைத்தது, மேல்குழு மறுத்துவிட்டது. அவர் 1974இல் மறைந்தார். அவருடைய நூற்றாண்டான 1999இல்தான் அப்பாராட்டு வந்தது. வாசல் இறுதியில் திறந்தது. நுழைய வேண்டியவர் அப்போது இல்லை. எனினும் திறப்பார்க்குக் காத்திராமல் அவர் இறுதிவரை இசை எழுதிக்கொண்டேயிருந்தார். ஏற்பு வரும் முன்னரே எழுதத் துணிந்தோரால்தான் எந்தக் கலையும் வாழ்கிறது.