தோளும் துப்பாக்கியும்: பெருந்துளை இரட்டைக்குழல்களின் எடை கூறும் வரலாறு

வரலாற்றை எழுதப் புகுவோர் ஏடுகளையும் கல்வெட்டுகளையும் நாணயங்களையும் சான்றாகக் கொள்வது மரபு. தொழிற்கருவிகளும் அத்தகைய சான்றுகளே என்பது அத்துணை கவனம் பெறவில்லை. ஒரு கருவி எவ்வளவு கனமாக இருந்தது, ஏன் அவ்வளவு கனமாகச் செய்யப்பட்டது என்னும் வினாக்களுக்கு விடை தேடுவோமாயின், அதனைச் செய்தவன், சுமந்தவன், அதனால் விளைந்த பொருளை விலைக்கு வாங்கியவன் ஆகிய மூவரின் உலகமும் நமக்குப் புலனாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் செய்யப்பட்ட பெருந்துளை இரட்டைக்குழல் சன்னத் துப்பாக்கிகளை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் அளவுமுறையை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். ஓர் இறாத்தல் ஈயத்தைச் சம எடையுள்ள உருண்டைகளாக வார்க்கும்போது, குழலுக்குள் சரியாகப் பொருந்தும் உருண்டைகள் எத்தனை கிடைக்கின்றனவோ, அந்த எண்ணே குழலின் துளையெண் ஆகும். எனவே எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். 12-துளையின் விட்டம் 0.729 அங்குலம், 10-துளையினது 0.775, 8-துளையினது 0.835, 4-துளையினது 1.052 அங்குலம். 8-துளையும் 4-துளையுமே பெருந்துளை எனப்பட்டவற்றுள் முதன்மையானவை. 10-துளை அவற்றின் வாயிலில் நிற்பது.

துளை பெருகினால் எடை எவ்வளவு பெருக வேண்டும்? பர்மிங்காம் நகரின் புகழ்பெற்ற துப்பாக்கி வினைஞரான டபிள்யூ. டபிள்யூ. கிரீனரின் பெயரோடு வழங்கும் ஒரு விதி இவ்வினாவுக்கு விடை தருகின்றது. ஒரு வெடியில் வெளியேறும் சன்னத்தின் எடையைப் போல் 96 மடங்கு எடை துப்பாக்கிக்கு இருத்தல் வேண்டும் என்பதே அவ்விதி. 1 அவுன்சு சன்னத்துக்கு 6 இறாத்தல். ஒன்றேகால் அவுன்சுக்கு ஏழரை இறாத்தல். 8-துளையில் இடப்பட்ட 2 அவுன்சுக்கு 12 இறாத்தல். 4-துளையில் இடப்பட்ட 3 அவுன்சுக்கு 18 இறாத்தல். எஞ்சியுள்ள பழைய துப்பாக்கிகளின் எடைகள் பெரும்பாலும் இக்கணக்கை அண்டியே அமைந்துள்ளன.

இவ்விதியின் அடிப்படை உந்தக் காப்பு ஆகும். சன்னம் முன்னோக்கிப் பாயும் உந்தத்துக்குச் சமமான உந்தத்தோடு துப்பாக்கி பின்னோக்கி உதைக்கின்றது. எடை 96 மடங்காயின், செக்கனுக்கு 1200 அடி வேகத்தில் வெளியேறும் சன்னம், வெடிமருந்தின் பங்கை நீக்கிப் பார்த்தால், துப்பாக்கியைச் செக்கனுக்குப் பன்னிரண்டரை அடி வேகத்தில் பின்தள்ளும். துளை எதுவாயினும் இவ்வேகம் மாறாது. ஆயின் சக்தி அவ்வாறன்று. ஒரே வேகத்தில் பின்வரும் 12 இறாத்தல் துப்பாக்கி, 6 இறாத்தல் துப்பாக்கியைப் போல் இருமடங்கு சக்தியைத் தோளில் இறக்குகின்றது. எனவே எடையைக் கூட்டுவதால் உதையின் கடுமை குறையுமேயன்றி அதன் பளு குறையாது. மனிதத் தோளுக்கு ஓர் எல்லை உண்டு என்பதே கிரீனரின் எண் உணர்த்தும் உண்மையாகும்.

அவ்வெல்லையை மீறியோரும் உளர். அதற்கான சான்று இலங்கையிலேயே கிடைக்கின்றது. 1840களில் இங்கு வந்து, நுவரெலியாவில் குடியேற்றம் அமைத்த சாமுவேல் பேக்கர், யானை வேட்டைக்குத் தாம் கையாண்ட ஆயுதங்களின் எடைகளைத் தம் நூலில் குறித்துள்ளார். அவை சன்னத் துப்பாக்கிகளல்ல. தனிக்குண்டு செலுத்தும் றைபிள்கள். எனினும் உந்த விதி இரண்டுக்கும் பொதுவானது. அவரிடமிருந்த 10-துளை இரட்டைக்குழல்கள் நான்கும் ஒவ்வொன்றும் 15 இறாத்தல். 2 அவுன்சு ஒற்றைக்குழல் 16 இறாத்தல். 4 அவுன்சு ஒற்றைக்குழல் 21 இறாத்தல். பத்திலொரு இறாத்தல் உருண்டையெனக் கொண்டு கணித்தால், முதலாவது தன் குண்டைப் போல் 150 மடங்கு எடையுடையது. இரண்டாவது 128 மடங்கு. மூன்றாவதோ 84 மடங்கு மட்டுமே. குண்டு பெருத்த அளவுக்குத் துப்பாக்கியின் எடையைப் பெருக்க இயலவில்லை என்பது இதனால் தெளிவாகும். சுடுபவன் ஏந்தக்கூடிய எடைக்கும் எல்லை இருந்தது. அப்பெருஞ்சுமையைக் காட்டுவழியே அவருக்குப் பின்னால் தூக்கிச் சென்ற துப்பாக்கி சுமப்போரின் தோள்களும் இக்கணக்கில் சேரவேண்டியவையே.

எடை பற்றிப் பேசுகையில் சட்டகத்தை மறத்தலாகாது. இரட்டைக்குழலில் குழல்களின் பின்முனை வந்து பொருந்துவதும், வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவதும் சட்டகமே. குழல்கள் இரண்டும் அருகருகே அமைவதால், அவற்றின் மையங்களுக்கிடையே போதிய தூரம் இருந்தாலன்றித் தோட்டா அறைகளின் சுவர்கள் மெலிந்துவிடும். அன்றியும், வெடிக்கும் கணத்தில் சட்டகத்தின் கீழ்ப்பகுதி வளைய முற்படுதலின் அதுவும் தடித்திருத்தல் வேண்டும். கனெற்றிக்கற் மாநிலத்து மெரிடன் நகரில் இயங்கிய பார்க்கர் சகோதரர் நிறுவனம் இத்தேவையை எண்களால் வகுத்தது. தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசிகள் இரண்டின் மையங்களுக்கிடையேயுள்ள தூரத்தைக் கொண்டு சட்டகங்களுக்கு எண் இடப்பட்டது. இங்கு எண் கூடக்கூடச் சட்டகம் பெரிதாகும். ஒரே 12-துளைத் துப்பாக்கியை 1ஆம் எண் சட்டகத்தில் ஏறக்குறைய 7 இறாத்தலாகவோ, 2ஆம் எண் சட்டகத்தில் 8 இறாத்தலை அண்டியோ செய்துகொள்ளலாம். 8-துளைக்கோ வரிசையின் இறுதியிலுள்ள பெருஞ்சட்டகங்களே பயன்பட்டன. ஆதலால் துளையெண்ணை மட்டும் கொண்டு ஒரு பழைய துப்பாக்கியின் எடையை ஊகித்தல் பிழையாகும். அது எந்தச் சட்டகத்தில் எழுந்தது என்பதே முதல் வினா. நாள் முழுதும் வயல்வெளியில் நடப்பவன் ஒரு சட்டகத்தையும், படகிலோ மறைவிடத்திலோ அமர்ந்து தாராக்களுக்காகக் காத்திருப்பவன் மற்றொன்றையும் வேண்டினான்.

அவ்வாறு காத்திருந்தவர்களுள் பலர் பொழுதுபோக்குக்காக வந்தவரல்லர். செசப்பீக் குடாவில் வீழ்ந்த தாராக்கள் புகையிரதம் மூலம் பெருநகரங்களின் சந்தைகளையும் உணவுச்சாலைகளையும் அடைந்தன. ஒரு வெடிக்கு எத்தனை பறவைகள் என்பதே அவ்வேட்டைக்காரனின் இலாப நட்டக் கணக்கு. தோளின் எல்லை அவனைத் தடுத்தபோது அவன் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிப் படகிலேயே பொருத்தினான். ஓர் இறாத்தலும் அதற்கு மேலும் சன்னம் செலுத்திய அப்படகுத் துப்பாக்கிகளுள் பல 100 இறாத்தலையும் விஞ்சியவை. 1 இறாத்தல் சன்னத்துக்குக் கிரீனரின் விதி வேண்டுவது 96 இறாத்தல் என்பது இங்கு நினைக்கத்தக்கது. விதி மாறவில்லை, உதையைத் தாங்கும் பொறுப்பு மாத்திரம் மனிதனிடமிருந்து படகுக்கு மாறியது.

இதற்கிடையில் பெருந்துளையின் தேவையும் தேயலாயிற்று. குழலின் வாயைச் சற்றே ஒடுக்கிச் சன்னத்தைச் செறிவாகச் செலுத்தும் முறை 1870களில் பரவியதும், சிறுதுளைத் துப்பாக்கிகளின் எட்டும் தூரம் கூடியது. புகையற்ற வெடிமருந்தும் உருக்குக் குழலும் அதனை மேலும் வலுப்படுத்தின. 1897ஆம் ஆண்டின் வின்செஸ்ரர் போன்ற மீள்வெடித் துப்பாக்கிகளோ, ஒரு பெருவெடியின் வேலையைப் பல சிறுவெடிகளால் விரைந்து முடித்தன. 15 இறாத்தல் சுமக்க வேண்டிய அவசியம் அற்றுப்போயிற்று. பறவைகளின் அழிவோ தொடர்ந்தது.

வலை, துப்பாக்கி, காடழிப்பு ஆகியவற்றால் அழிந்த பயணிப் புறாவின் இறுதி உயிர் 1914 செப்டெம்பர் 1ஆம் நாள் சின்சினாட்டி விலங்கினச் சாலையில் மறைந்தது. 1900ஆம் ஆண்டின் லேசிச் சட்டம், சட்டத்துக்கு மாறாகக் கொல்லப்பட்டவற்றை மாநிலங்களுக்கிடையே விற்பதை முன்னரே தடுத்திருந்தது. 1916இல் கனடாவின் சார்பில் பிரித்தானியாவோடு செய்யப்பட்ட உடன்படிக்கையை நிறைவேற்ற 1918இல் வலசைப் பறவைகள் சட்டம் வந்தது. அதன் கீழ் எழுந்த விதிகள், 10-துளையிலும் பெரிதல்லாத, தோளில் வைத்துச் சுடும் துப்பாக்கியையே அனுமதித்தன. 8-துளையும் 4-துளையும் படகுத் துப்பாக்கியும் ஒருங்கே விலக்கப்பட்டன. 1935இல் மீள்வெடித் துப்பாக்கிகள் மூன்று தோட்டாக்களுக்கு மட்டுப்படுத்தப்பட்டன. பிரித்தானியாவோ வேறு வழியிற் சென்றது: 1981ஆம் ஆண்டுச் சட்டம் குழல்வாயின் விட்டம் ஒன்றே முக்கால் அங்குலத்தை மிஞ்சும் சன்னத் துப்பாக்கியையே பறவை வேட்டைக்கு விலக்கியது. ஆகவே ஒரே 4-துளைத் துப்பாக்கி ஒரு நாட்டில் விலக்கப்பட்டதாகவும் மற்றொன்றில் அளவுக்கு உட்பட்டதாகவும் நின்றது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை வெளிப்படுகின்றது. கருவியின் பெருமையைக் கட்டுப்படுத்தியது நெடுங்காலம் மனித உடலே. அந்த இயற்கைக் கட்டுப்பாட்டைப் படகும் பொறிநுட்பமும் ஒவ்வொன்றாகக் கடந்தன. துளைக்கு விதித்த வரம்பு, பெருந்துளையின் காலம் சாயத் தொடங்கிய பின்னரே வந்தது. தோட்டாக்களுக்கான வரம்போ மீள்வெடித் துப்பாக்கி பரவிய பல்லாண்டுகளுக்குப் பின் வந்தது. கருவியைத் துரத்திய சட்டம் எப்பொழுதும் ஓரடி பின்தங்கியே சென்றது. விற்பனையைத் தடுத்த சட்டமோ வேட்டையின் வேரையே தொட்டது. பறவைக்கு விலை இல்லையெனில் 15 இறாத்தல் இரும்பைச் சுமக்கும் தோளும் இல்லை. இன்று அரும்பொருட் காட்சிச்சாலைகளில் உறங்கும் அத்துப்பாக்கிகளைக் காண்போர், அவற்றின் செதுக்கு வேலையை வியப்பதோடு அமையாது, அவற்றின் எடையையும் கேட்டறிவாராக. ஒரு காலத்துச் சந்தையின் பசி அவ்வெடையில் அளந்து வைக்கப்பட்டுள்ளது.