ஊனமுற்றோர், பராமரிப்போர் உதவித்தொகை (பிரிட்டன்)

உடல் ஊனத்தாலோ தீராத நோயாலோ அன்றாடக் காரியங்களுக்குப் பிறர் துணையை நாடி வாழ்வோருக்கும், அவர்களுக்குப் பணிவிடை செய்யும் பொருட்டுத் தம் உத்தியோகத்தைத் துறந்தோருக்கும் அரசாங்கம் அளித்துவரும் பணம் இப்பெயரால் குறிக்கப்படும். தருமமாகத் தொடங்கிய இச்சகாயம், சட்டத்தின் துணைகொண்டு கோரிப் பெறத்தக்க உரிமையாக உருப்பெறுவதற்குப் பிரிட்டனில் ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகள் பிடித்தன.

தொடக்கம்: முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், 1601இல், இயற்றப்பட்ட ஏழையர் சட்டம், உழைக்க இயலாத முடவர், பார்வையற்றோர், முதியோர் ஆகியோரைக் காக்கும் பொறுப்பை அந்தந்தத் திருச்சபை வட்டத்தின்மீது சுமத்தி, அதற்கென வரி வசூலிக்கவும் வழி வகுத்தது. 1834இல் அம்முறை கடுமையாகத் திருத்தப்பட்ட பின்னர், உதவி நாடியோர் பலர் ஏழையர் விடுதிகளுக்குள் புகுந்து, மானத்தை இழந்தே ஜீவிக்க வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது. தொழிலில் காயமுற்றோர் முதலாளியிடம் நஷ்டஈடு பெற 1897ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. நிதி மந்திரி லாயிட் ஜார்ஜ் 1911இல் கொணர்ந்த தேசீய இன்ஷூரன்ஸ் சட்டத்தின்படி, சந்தா செலுத்திய ஆண் தொழிலாளி நோயுற்றபோது வாரம் 10 ஷில்லிங்கும், 26 வாரங்களுக்குப் பின்னும் குணமடையாவிடில் 5 ஷில்லிங்கும் பெற்றான். சமூக இன்ஷூரன்ஸ் பற்றிய பெவரிட்ஜின் 1942ஆம் ஆண்டு அறிக்கையைத் தழுவி, 1948 ஜூலை 5ஆம் நாள் நடைமுறைக்கு வந்த விரிவான திட்டமும் சந்தாவையே ஆதாரமாகக் கொண்டிருந்தமையால், பிறவியிலேயே ஊனமுற்று வேலைக்குச் செல்ல இயலாதவரும், கூலியின்றி இல்லறத்தை நடத்திய பெண்களும் அதன் முழுப் பயனை அடையவில்லை. வறுமையை நிரூபித்துப் பெறும் தேசீய உதவியே அவர்களிற் பலருக்குக் கதியாயிற்று.

கிளர்ச்சியும் பயனும்: இக்குறையை நாட்டிற்கு உணர்த்தியவர்கள் பெண்மணிகளே. மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்னும் நரம்பு நோயால் பீடிக்கப்பட்ட மேகன் டு பாய்ஸானும் பெரிட் மூரும் 1965இல் ஊனமுற்றோர் வருமானக் குழுவை நிறுவி, ஊனம் எவ்வாறு நேர்ந்தது என்பதைப் பாராமல் ஊனமுற்ற அனைவருக்கும் வருமானம் வேண்டுமென வாதாடினர். பெற்றோரைப் பேணுவதற்காகத் தம் பணியை விட்டவரான மேரி வெப்ஸ்டர், விவாகமின்றிக் குடும்பத்தினரைக் காத்துவந்த மகளிருக்கென அதே ஆண்டில் ஒரு தேசீயக் கவுன்சிலைத் தோற்றுவித்தார். இம்முயற்சிகளின் பயனாக, 1971 டிசம்பரில், சந்தாவையும் சொத்தையும் கருதாமல் வாரம் 4.80 பவுன் வழங்கும் பணிவிடைப் படியும், 1976 ஜனவரியில் போக்குவரத்துப் படியும், அதே ஆண்டு ஜூலையில் பராமரிப்போருக்கான படியும் பிறந்தன.

விவாகமான பெண் எவ்வாறாயினும் வீட்டிலிருப்பவள்தானே என்னும் எண்ணத்தால், பராமரிப்போர் படி அவளுக்கு மறுக்கப்பட்டது. தாயைக் கவனிப்பதற்காக வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் தொடுத்த வழக்கில், இது ஆண் பெண் சமத்துவத்திற்கு விரோதமானது என்று ஐரோப்பிய நியாயஸ்தலம் 1986 ஜூன் 24ஆம் நாள் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்கு முந்திய நாளே சர்க்கார் பணிந்து, விவாகமான மகளிருக்கும் அவ்வுரிமையை விரிப்பதாக அறிவித்துவிட்டது.

பிற்கால மாறுதல்கள்: 65 வயதுக்குட்பட்டோருக்கான பணிவிடைப் படியும் போக்குவரத்துப் படியும் 1992இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. அவ்விணைப்புத் தொகைக்குப் பதிலாக, உழைக்கும் வயதினருக்குப் புதிய பரிசோதனையோடு கூடிய தனிநபர் சுயேச்சைத் தொகை 2013 முதல் வழங்கப்படலாயிற்று. ஸ்காட்லாந்து இவற்றைத் தன் பொறுப்பில் ஏற்று, தனக்கெனத் தனித் திட்டங்களை வகுத்துக்கொண்டுள்ளது.

மதிப்பீடு: ஊனம் தன்னளவிலேயே செலவைத் தருவது என்னும் உண்மையை ஏற்றுக்கொண்டமையே இவ்வரலாற்றின் தலையாய சாதனை ஆகும். ஆயின், பணிவிடையும் உழைப்பே என்னும் உண்மைக்கு அதற்கீடான மதிப்பு இன்னும் கிட்டவில்லை. வாரம் 35 மணி நேரமேனும் பராமரிப்பில் ஈடுபடுவோருக்கு 2025-26இல் நிர்ணயிக்கப்பட்ட படி வாரம் 83.30 பவுன் மட்டுமே. வரி முதலிய கழிவுகள் போக அவர்தம் வாரச் சம்பாத்தியம் அவ்வாண்டின் வரம்பாகிய 196 பவுனை ஒரு பவுன் தாண்டினும், அந்தப் படி முழுவதும் நின்றுவிட்டது. பிறர் உயிரைப் பேணும் பொருட்டுத் தம் வாழ்வின் நற்பகுதியை ஈந்தவரை வறுமையில் விடுவது எந்த நீதிக்கும் பொருந்தாது. இவ்விதியைத் திருத்துவதே அந்நாட்டுச் சட்டமன்றத்தின் முதற்கடமையாகும்.