ஆச்சரியக்குறியும் தாமரைக்குளமும்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் சாலையில் பதினாறு கிலோமீட்டர் போனால் சித்தன்னவாசல். போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். பாறையைக் குடைந்து செய்த ஒரு சின்ன சமணக் கோயில். அறிவர் கோயில் என்று பெயர். உள்ளே நுழைந்து அண்ணாந்து பாருங்கள். கூரையில் ஒரு தாமரைக்குளம்! மீன், வாத்து, யானை, பூப்பறிக்கிற மனிதர்கள். 9-ம் நூற்றாண்டில், பாண்டிய மன்னன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் இந்தக் கோயிலைப் புதுப்பித்தார் என்று அங்கேயே கல்வெட்டு இருக்கிறது.

பார்த்துவிட்டு வெளியே வந்ததும் எல்லோருக்கும் ஒரு கோபம் வரும். 'இவ்வளவு பெரிய சங்கதி நம்ம ஊர்ல இருக்கு. உலகத்துக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லையா?'

ஆள் இருக்கிறது, டெல்லியில். அதற்கென்றே ஒரு அமைச்சகம். அந்தக் கதையைக் கொஞ்சம் பார்த்துவிட்டு மறுபடி குகைக்கு வருவோம்.

1945-ல், வெள்ளைக்காரர்கள் இன்னும் மூட்டை கட்டாத நேரம். இந்தியாவுக்குப் பயணிகளை வரவழைப்பது எப்படி என்று யோசிக்க சர் ஜான் சார்ஜென்ட் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். சுற்றுலாவுக்குத் தனி அமைப்பு வேண்டும், வெளிநாட்டிலும் அலுவலகம் திறக்க வேண்டும் என்றது கமிட்டி. சுதந்திரத்துக்குப் பிறகு 1949-ல் போக்குவரத்து அமைச்சகத்தில் சுற்றுலாவுக்கு ஒரு பிரிவு வந்தது. 1952-ல் நியூயார்க்கில் அலுவலகம். அப்புறம் ஊர் ஊராகத் திறந்து, 2000 வாக்கில் எண்ணிக்கை பதினெட்டு.

இங்கேதான் வேடிக்கை. ஒரு அலுவலகம் 'ஆன்மிக இந்தியா' என்று விளம்பரம் செய்தது. இன்னொன்று 'கலாசார இந்தியா' என்றது. மூன்றாவது, 'நம்பவே முடியாத இந்தியா' என்றது! நான் பி.காம். படித்தவன். பதினெட்டு கிளை, ஒரே சரக்கு, வாசலுக்கு வாசல் வேறு போர்டு என்றால் அந்தக் கடை என்னவாகும் என்று முதல் வருஷ மாணவனே சொல்லிவிடுவான்.

அந்த நேரம் பார்த்து இடி விழுந்தது. 2001 செப்டம்பரில் நியூயார்க் இரட்டைக் கோபுரம். அடுத்து ஆப்கன் போர். டிசம்பரில் நம் நாடாளுமன்றத்தின் மீதே தாக்குதல். எல்லையில் ராணுவம் குவிந்தது. 2001-ல் 25.4 லட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகள், 2002-ல் 23.8 லட்சமாகக் குறைந்தார்கள்.

வியாபாரம் படுத்தால் முதலில் விளம்பரச் செலவில் கை வைப்பதுதான் வழக்கம். டெல்லியில் நேர்மாறாகச் செய்தார்கள். அப்போது சுற்றுலாத் துறையில் இணைச் செயலாளராக இருந்தவர் அமிதாப் காந்த். கேரளச் சுற்றுலாத் துறையில் இருந்து, 'கடவுளின் சொந்த தேசம்' என்ற ஒற்றை வரி என்னவெல்லாம் செய்யும் என்று கண்ணால் பார்த்தவர். ஓகில்வி விளம்பர நிறுவனத்தின் வி. சுனிலுடன் சேர்ந்து 2002-ல் கொண்டுவந்ததுதான் 'இன்க்ரெடிபிள் இந்தியா'. ஆங்கிலத்தில் இந்தியாவின் முதல் எழுத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு ஆச்சரியக்குறி. எல்லா நாட்டிலும் அதே பெயர், அதே குறி.

அதன் உள்ளே இருந்த யோசனையைக் கவனியுங்கள். இந்தியா என்றால் வறுமை, நெரிசல், குழப்பம் என்று வெளிநாட்டுக்காரர் நினைக்கிறார். 'அப்படியெல்லாம் இல்லை' என்று மல்லுக்கட்டினால் எடுபடாது. 'எங்கள் ஊர் உங்கள் கணக்கில் அடங்காது, அதற்காகவே வாருங்கள்' என்று மாற்றிச் சொன்னார்கள். பின்னால் வந்த ஒரு விளம்பரத்தில் புலி ஒன்று முறைத்துக்கொண்டிருக்கும். இந்தியர்கள் எல்லோருமே சாது, சைவம் என்று எண்ணிவிடாதீர்கள் என்ற பொருளில் அதன்கூட ஒரு வரி!

2003-ல் 27.3 லட்சம் பேர் வந்தார்கள். 2004-ல் 34.6 லட்சம், 2005-ல் 39.2 லட்சம். எல்லாம் விளம்பரத்தின் புண்ணியம் என்று சொல்லிவிட முடியாது. போர் பயம் விலகியது, உலகம் மறுபடி பயணம் கிளம்பியது. ஆனால் கிளம்பியவர் காதில் இந்தியாவின் குரல் தெளிவாக விழுந்தது.

வந்தவரை ஏர்போர்ட் வாசலிலேயே டாக்ஸிக்காரர் ஏமாற்றினால்? அந்தக் கேள்வியும் டெல்லிக்கு எழுந்தது. 2005-ல் 'அதிதி தேவோ பவ' என்று உள்ளூருக்கு ஒரு பிரசாரம். டாக்ஸி ஓட்டுநர், வழிகாட்டி, ஓட்டல் ஊழியர் எல்லோருக்கும் பயிற்சி. வெளியே பேசியவர்கள் உள்ளேயும் திரும்பிப் பேச ஆரம்பித்தார்கள்.

சரி, குகைக்கு வருவோம். இதே ஆச்சரியக்குறியைச் சித்தன்னவாசல் வாசலில் நட்டுவிடலாமா?

பதில் சொல்வதற்கு முன் பிரான்ஸுக்கு ஒரு நடை. அங்கே லாஸ்கோ என்ற குகை. ஆதிமனிதன் வரைந்த காட்டெருமைகளும் குதிரைகளும் நிறைந்தது. 1940-ல் கண்டுபிடித்து, 1948-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். தினம் ஆயிரம் பேருக்கு மேல். அத்தனை பேரின் மூச்சுக்காற்றும் ஈரமும் சேர்ந்து சுவரில் பாசி பிடித்தது. 1963-ல் குகையை மூடினார்கள். 1983-ல் பக்கத்திலேயே அச்சு அசலாக ஒரு நகல் குகை கட்டி, 'இதைப் பாருங்கள்' என்றார்கள்.

சித்தன்னவாசல் உள்ளறை ஏறக்குறைய பத்தடிக்குப் பத்தடி. தூண்களில் இருக்கும் நடனப் பெண்கள் ஏற்கெனவே பாதி மங்கிவிட்டார்கள். அங்கே தினம் ஆயிரம் பேர் நின்றால் தாமரைக்குளம் என்னவாகும்? யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதோடு, எத்தனை பேரைக் கூப்பிடுவது என்பதும் சுற்றுலாத் துறையின் வேலைதான். தாஜ்மஹாலுக்குச் செய்த கணக்கு இங்கே உதவாது.

புதுக்கோட்டையில் வேறு இடமா இல்லை? திருமயம் கோட்டை ஊர்க்கூட்டத்தையே தாங்கும். நார்த்தாமலை, கொடும்பாளூர் மூவர் கோயில், இசைக் கல்வெட்டு இருக்கிற குடுமியான்மலை, நல்ல மியூசியம். இரண்டு நாள் தங்குகிற மாதிரி ஊரைச் சுற்றிக் காட்டி, குகைக்குள் மட்டும் பத்துப் பத்துப் பேராக அனுப்பலாம். நல்ல நகல் ஒன்றை வெளியே வைக்கலாம். இதுவும் விளம்பரத் திட்டம்தான். என்ன, கொஞ்சம் மெதுவான குரலில்.

நீங்கள் அவசியம் போங்கள். உள்ளே ஃபிளாஷ் வேண்டாம். சுவரில் சாய வேண்டாம். திரும்பி வந்து நாலு பேருக்குச் சொல்லுங்கள். அந்த நாலு பேரிடமும் இந்த இரண்டு விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள்.