கிரிஸ்டல் பேலஸ் ஹை லெவல் ரயில் நிலையம்

தென் லண்டனில் 1865 முதல் 1954 வரை இயங்கிய புறநகர் ரயில் நிலையம். நன்ஹெட்டில் பிரிந்த கிளைப்பாதையின் முனையமாக, சிடன்ஹாம் குன்றின் மேலிருந்த கிரிஸ்டல் பேலஸ் கண்ணாடி மாளிகையை ஒட்டி அமைந்திருந்தது.

வரலாறு: 1854இல் திறந்த லோ லெவல் நிலையம் சரிவின் கீழே இருந்ததால், பார்வையாளர்கள் மேடேறி வர வேண்டியிருந்தது. இதற்கு மாற்றாக, எட்வர்ட் மிடில்டன் பாரி வடிவமைத்த ஹை லெவல் நிலையம் 1865 ஆகஸ்ட் 1 அன்று திறக்கப்பட்டது. சாலைக்கு அடியில் சென்ற சுரங்க நடைபாதை பயணிகளை நேரே மாளிகையில் சேர்த்தது. முதல் உலகப் போரின்போது 1917 முதல் 1919 வரை சேவை நிறுத்தப்பட்டது. 1925இல் பாதை மின்மயமானது.

வீழ்ச்சி: 1936 நவம்பர் 30 தீவிபத்தில் மாளிகை எரிந்தழிந்ததும் நிலையத்தின் முதன்மைத் தேவை மறைந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1944இல் மீண்டும் மூடப்பட்டு 1946இல் திறந்தபோதும் பயணிகள் பழைய அளவில் திரும்பவில்லை. 1954 செப்டம்பர் 20 அன்று கிளைப்பாதை முழுவதும் மூடப்பட்டது. கட்டடம் 1961இல் இடிக்கப்பட்டது.

எச்சங்கள்: நிலையம் இருந்த இடத்தில் இன்று குடியிருப்புகள் உள்ளன. எண்கோணத் தூண்களும் சிவப்பு, வெளிர்மஞ்சள் செங்கல் கவிகைகளும் கொண்ட சுரங்க நடைபாதை எஞ்சியுள்ளது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுப் பதுங்கிடமாகவும் பயன்பட்ட அது, இன்று பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னம்.